இருபத்தைந்து மில்லி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்த தவறுக்குப் பாதிக் காரணம் என் கோபம்தான். மீதிப் பாதி கஞ்சி அண்ணனுடைய நல்ல மனசு. இரண்டில் எது அதிகக் கெடுதல் செய்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

கஞ்சி அண்ணன் எங்கள் ஆய்வகத்தில் தட்டு ஊற்றுகிறவர். ஆஸ்பத்திரி வளாகத்தின் பின்புறம், சலவைக்கூடத்தை ஒட்டி இருக்கிற இரண்டு மாடிக் கட்டடம் எங்களுடையது. கீழே அவருடைய சமையல்கட்டு, மேலே எங்கள் மேசைகள். வார்டுகளில் ஆறாத புண்ணிலிருந்து எடுத்த கிருமிகள் எங்களிடம் வரும். எந்த மருந்துக்கு அவை சாகும், எதற்கு மசியாது என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு.

கிருமியை வளர்க்க அதற்குச் சாப்பாடு வேண்டும். டப்பாவில் ஒரு பொடி வரும். அதைத் தண்ணீரில் கரைத்து, காய்ச்சி, ஆவியில் வேகவைத்து, கொஞ்சம் ஆறியதும் உள்ளங்கை அகல மூடித்தட்டுகளில் ஊற்றினால் ஜெல்லி போல உறையும். அதன்மேல் கிருமியைப் பூசி, மருந்தில் தோய்த்த பொட்டு அளவு காகித வில்லையை நடுவில் வைத்து, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்விடுவோம். மறுநாள் காலையில் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்திருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம். வட்டம் பெரிதானால் மருந்துக்குப் பல் இருக்கிறது, சிறிதானால் பொக்கை வாய். அந்த வட்டத்தை அளவுகோல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவதுதான் பத்தொன்பது வருஷமாக என் வேலை.

அண்ணன் அதற்கு முன்னாலிருந்தே இருக்கிறார். ஒரு கல்லூரி விடுதியில் சமையல்காரராக இருந்தவர், இங்கே கண்ணாடிச் சாமான் கழுவ வந்தார். இந்தக் கிருமிச் சாப்பாட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போய்த் திரும்பி வரவில்லை. இரண்டு நாள் யாரும் தொடாமல் கிடந்த குடுவையை இவர் எடுத்துக் காய்ச்சினாராம். ஆவியை மோந்து பார்த்துவிட்டு, "துளி உப்பு போட்டா தூக்கிக் கொடுக்கும்" என்றாராம். அன்று ஒட்டியதுதான் கஞ்சி என்ற பெயர். சொந்தப் பெயர் வருகைப்பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அவர் கை அப்படிப்பட்ட கை. குடுவையை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பார், பால் புட்டியைத் தாய் பார்ப்பதுபோல. சூடு சரியென்று பட்டால்தான் ஊற்றத் தொடங்குவார். தட்டுக்கு இருபத்தைந்து மில்லி. அளவுக் குழாயெல்லாம் கிடையாது, கண்தான் அளவு. இருபது தட்டையும் எடை போட்டாலும் ஒன்றுக்கொன்று ஒரு கிராம் பிசகாது. நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு குமிழி இருக்காது. குமிழி வந்துவிட்டால் தலைவாழை விருந்தில் முடி கிடந்ததுபோல முகம் சுளிப்பார்.

வாய்க்கும் குறைச்சல் இல்லை. ஒருநாள் தட்டுகளை மேலே கொண்டுவந்து அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, எமனுக்குச் சோறு போட்டு வளக்கிறவன் நான். வளந்ததை மருந்து வச்சுக் கொல்றவங்க நீங்க. பாவம் யாரு கணக்குல ஏறும்?"

"ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கலாம்ணே. இப்ப தட்டைக் குடுங்க, நேரமாகுது."

"அதானே, பாவத்துல மட்டும் எனக்குப் பங்கு. ஆராய்ச்சிக் கட்டுரையில பேரு போடுறப்ப அண்ணன் ஞாபகம் வராது."

சிரித்தேன். உண்மையாகவே வந்ததில்லை.

என் ஆராய்ச்சி ஒரு பொல்லாத கிருமியைப் பற்றியது. தட்டில் வளரும்போது பச்சையாகச் சாயம் விடும் என்பதால் எங்களுக்குள் அதன் பெயர் பச்சைக்காரன். புண்ணில் புகுந்தால் லேசில் இறங்காது. பழைய மருந்து ஒன்று முன்பெல்லாம் அதைக் கொன்றுகொண்டிருந்தது. பிறகு பச்சைக்காரன் கற்றுக்கொண்டான். அவன் உடம்பில் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. உள்ளே வரும் மருந்தை வாரி வெளியே கொட்டிவிடுவான். வேறு ஏதோ நோய்க்குக் கொடுக்கும் ஒரு சாதாரண மாத்திரை அந்தப் பம்பை அடைக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். பம்பு அடைபட்டால் பழைய மருந்து மறுபடி வேலை செய்யுமே! மேடம், அதாவது எங்கள் தலைமை ஆய்வாளர், "செஞ்சுதான் பாரேன்" என்றார். நான்கு வருஷம் செய்தேன்.

செய்முறை இதுதான். அண்ணன் ஒரு குடுவை காய்ச்சுவார். முதலில் பத்துத் தட்டு வெறுமனே ஊற்றுவார். மிச்சமிருப்பதில் அந்த மாத்திரையை, அதாவது துணை மருந்தை, கலந்து இன்னும் பத்துத் தட்டு. இரண்டு வகைத் தட்டிலும் பச்சைக்காரனைப் பூசி, பழைய மருந்து வில்லையை வைப்பேன். துணை மருந்து கலந்த தட்டில் வட்டம் பெரிதானால் என் எண்ணம் சரி. பதினேழு மில்லிமீட்டரைத் தாண்டினால் மருந்தை நம்பலாம். வெறும் தட்டில் பதினொன்றுதான் வரும்.

முதல் மூன்று வருஷம் கலந்த தட்டிலும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. துணை மருந்தின் அளவைக் கூட்டினேன், குறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் வருஷம் ஒரு புது அளவு போட்டேன். மறுநாள் பதினெட்டு! அடுத்த வாரம் பதினெட்டரை. அதற்கடுத்து பத்தொன்பது. மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடி, அண்ணன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஆடினேன். "கஞ்சியைக் கொட்டிடாதீங்கம்மா" என்றார்.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. அப்போது அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

பொடி டப்பா துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. ஏதோ காகிதம் சரியில்லையாம். ஒரு காலை அண்ணன் மேலே வந்தார்.

"ஏம்மா, பொடி அடி தெரியுது. இப்படியே போனா ரெண்டு மாசத்துல தீந்துடும். கொஞ்ச நாளைக்கு உங்களுக்குத் தட்டைக் குறைச்சுக்கலாமா?"

அன்று எனக்கு என்ன சனியன் பிடித்திருந்ததோ. முந்தின நாள்தான் மேடம் "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டிருந்தார். சுள்ளென்று வந்தது.

"தட்டு இல்லங்கிற பேச்சே என்கிட்ட வரக் கூடாது. வாரம் நாப்பது வேணும்னா நாப்பது வேணும்."

"சட்டியில இருந்தாத்தானேம்மா அகப்பையில வரும்?"

"சட்டியோ அகப்பையோ, அது உங்க பாடு. எப்படிச் செய்வீங்கன்னு எனக்குத் தெரியவும் வேண்டாம். எனக்குத் தட்டு வந்துடணும்."

அவர் இறங்கிப் போனார். தட்டு வந்தது. ஒரு வாரம்கூடத் தவறவில்லை, ஒரு தட்டுகூடக் குறையவில்லை. இரண்டு மாதம் வரும் என்ற பொடி எப்படி இரண்டரை மாதம் வந்தது என்று நான் கேட்கவில்லை. தெரிய வேண்டாம் என்று சொன்னவள் நான்தானே.

இப்போது அண்ணனுடைய மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கை புருஷன், பஸ் டிரைவர். வழியில் பஞ்சரான டயரைக் கழற்றும்போது ஜாக்கி நழுவி, இடது காலின் முன்னெலும்பு நொறுங்கிவிட்டது. தகடு வைத்துத் தைத்தார்கள். உள்ளே பச்சைக்காரன் புகுந்துவிட்டான். இரண்டு மாதம் மருந்துக்கு மேல் மருந்து. எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் எலும்பு டாக்டர், முழங்காலுக்கு மேலே எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

தங்கை வீட்டிலேயே தையல் தைக்கிறவள். வார்டு வராந்தாவில் அண்ணனைப் பிடித்துக்கொண்டு அழுததை நானே பார்த்தேன். "கிளட்ச் மிதிக்கிற காலுண்ணா. அது போனா அவர் மனுஷனாவே இருக்க மாட்டார். நீ அங்கதானே வேலை பாக்குற, யார்கிட்டயாவது சொல்லேன்" என்றாள். அண்ணன் என்னிடம் சொன்னார். யாரிடமும் எதையும் கேட்டறியாத மனுஷர், அன்று கேட்டார்.

நான் அந்தக் காலின் கிருமியை வாங்கிவந்து என் தட்டுகளில் பூசினேன். வெறும் தட்டில் பதினொன்று. துணை மருந்து கலந்த தட்டில் பத்தொன்பது. தட்டை எடுத்துக்கொண்டு நானே எலும்பு டாக்டரிடம் போனேன். இரண்டு மருந்துமே புழக்கத்தில் இருப்பவைதான், கொடுத்துப் பார்க்கத் தடையில்லை. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆரம்பிச்சுடலாம். ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளி வைக்கிறேன். ஆனா காய்ச்சல் ஏறிக்கிட்டே இருக்கு. இந்த ஒரு வாரம் வீணாப் போச்சுன்னா கால் மட்டும் போகாது, தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர். பத்தொன்பது மில்லிமீட்டர்."

தங்கை என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த மச்சான், "டாக்டரம்மா, என் பஸ்ஸுல உங்களுக்கு ஆயுசுக்கும் ஜன்னல் சீட்டு" என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. அன்று என் கால் தரையில் பாவவில்லை. இந்தக் கண்டுபிடிப்பை எழுதி அனுப்ப வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தோம். முதல் ஆளாக ஒருத்தர் பிழைக்கப் போகிறார், அதுவும் நம் அண்ணன் வீட்டு ஆள். இதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் அண்ணன் என் அறைக்கு வந்தார். கையில் இரண்டு தட்டு. மச்சானுடைய தட்டுகள். வேக வைத்து அழிக்க வேண்டிய கூடையிலிருந்து எடுத்திருக்கிறார்.

"இதைப் பாக்கணும் போல இருந்துச்சு, எடுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க" என்றார். "ஏம்மா, ஒண்ணு கேக்கணும். மெல்லிசா ஊத்தினா வட்டம் பெருசாகுமா?"

"என்னண்ணே?"

இரண்டு தட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்தார். வெறும் தட்டு சோப்புக்கட்டிபோலத் தடிமனாக இருந்தது. கலந்த தட்டு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்.

"பொடி பத்தலை. நீங்க தட்டு குறையக் கூடாதுன்னீங்க. முதல் பத்தை எப்பவும்போல ஊத்திடுவேன். மிச்சத்தைப் பத்துத் தட்டுக்கும் நிரவி விட்டுடுவேன். இருபத்தஞ்சு வராது, பதினஞ்சுதான் வரும். துணை மருந்தை மட்டும் இருக்கிற அளவுக்குத் தக்கனதான் போட்டேன், அதுல தப்பு பண்ணலை. சாப்பாடு கொஞ்சம் கம்மி, பட்டினி இல்லையேன்னு நெனச்சேன். இன்னிக்குக் கழுவப் போகும்போது பாக்கிறேன், பெரிய வட்டமெல்லாம் மெல்லிசுத் தட்டுலதான் இருக்கு. அதான் கேட்டேன்."

நானும் தட்டுகளை வாங்கி அதே வெளிச்சத்தில் பார்த்தேன். மருந்து வில்லையிலிருந்து பக்கவாட்டிலும் பரவும், கீழ்நோக்கியும் இறங்கும். கீழே இறங்க இடமில்லாவிட்டால் அத்தனையும் பக்கவாட்டில் ஓடும், வட்டம் பெரிதாகும். இது முதல் வருஷப் பாடம். அதனால்தான் தட்டில் நான்கு மில்லிமீட்டர் உயரம் என்று கணக்கு. அதனால்தான் இருபத்தைந்து மில்லி.

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "குண்டாவுல ஊத்தின தண்ணிக்கும் தாம்பாளத்துல ஊத்தின தண்ணிக்கும் உள்ள வித்தியாசம். அப்படித்தானே?" என்றார்.

என் துணை மருந்து எந்தப் பம்பையும் அடைக்கவில்லை. நான் கண்டுபிடித்தது மெல்லிசுத் தட்டு.

கத்தினேன். மாடி முழுக்கக் கேட்கக் கத்தினேன். "நாலு வருஷம்ணே! என் நாலு வருஷத்தைத் தண்ணி ஊத்தி அணைச்சுட்டீங்களே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?" இன்னும் என்னென்னவோ. எனக்கு மூச்சு வாங்கியபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"இருபத்தஞ்சு ஊத்துன்னு சொன்னாங்க. இருபத்தாறு வருஷமா ஊத்தினேன். ஏன் இருபத்தஞ்சுன்னு ஒருத்தரும் சொன்னதில்லையேம்மா. கஞ்சி காய்ச்சுறவனுக்கு எதுக்குன்னு விட்டுட்டீங்க போல."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஆறு மில்லிமீட்டர் ஒரே நாளில் தாவியபோது, ஏன் என்று கேட்காமல் ஆட்டம் போட்டவள் நான். கேட்டது அவர். அளவுகோலைக் கையிலேயே பிடித்தறியாத ஆள்.

கதவைச் சாத்தினேன். ஒரு கெட்ட எண்ணம் வந்தது, மறைக்கவில்லை. கூச்சல் எல்லோருக்கும் கேட்டிருக்கும், மெல்லிசுத் தட்டு விஷயம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஒருவேளை மருந்து எப்படியாவது வேலை செய்துவிட்டால்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு பேர் போதும். அவருக்கும் அப்படித் தோன்றியிருக்குமோ என்று கேட்டேன்.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமேண்ணே."

"சொல்லாம இருந்தா, இன்னிக்குச் சாயங்காலம் ஏத்துற மருந்து வேலை செய்யுமா?"

"மெல்லிசுத் தட்டுலதான் வட்டம் பெருசுன்னா… செய்யாது."

"செய்யாட்டி?"

"அந்த ஒரு வாரத்துல விஷம் ரத்தத்துல ஏறும்."

"காலோட போகுமா?"

"ஆளோட போகும்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷத்தில் என் அறையில் அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். "தங்கச்சி எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டாம்மா, கால் தப்பிச்சுதுன்னு. ராத்திரி தூங்கினா. ரெண்டு மாசத்துல நேத்துதான் தூங்கினா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, என்ன செய்ய.

ஒரே ஒரு வழி இருந்தது. சரியான தட்டில் இன்னொரு தடவை பார்ப்பது. அந்தக் காலின் கிருமி குளிர்பெட்டியில் பத்திரமாக இருந்தது. இப்போது பூசினால் நாளைக் காலை தெரியும். மெல்லிசுத் தட்டைத் தாண்டியும் மருந்துக்கு ஏதாவது சக்தி இருந்தால் வட்டம் காட்டும். அப்படி இருக்க வாய்ப்பே இல்லையென்று நான் சத்தியம் செய்ய முடியாது. எலும்பு டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும்தான். அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன். அவங்களுக்கு என்ன சொல்றது?"

அண்ணன் கையை நீட்டிப் போனை வாங்கினார். "நான் சொல்லிக்கிறேன் சார். அவ என் தங்கச்சி" என்றார்.

கீழே இறங்கிப் போனோம். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தால் எட்டுத் தட்டுக்கு வரும். நான்கு வெறுமனே, நான்கு கலந்து. "நான் ஊத்துறேன்ணே, நீங்க உக்காருங்க" என்றேன். "இல்லம்மா. இது என் வேலை" என்றார். காய்ச்சினார். ஆவியில் வைத்தார். மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். அப்போது மேடம் மாடியிலிருந்து கூப்பிட்டனுப்பினார். நான் போட்ட கூச்சல் அங்கேயும் எட்டியிருக்கும்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை கட்டுரை போகாது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தட்டை யாரு அப்படி ஊத்தினது?"

"நான் ஊத்தச் சொன்னபடி ஊத்தினாங்க மேடம்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல மனுஷி.

நான் திரும்பி வந்தபோது எட்டுத் தட்டும் உறைந்து வரிசையாக இருந்தன. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அளவுகோலை எடுத்து ஒவ்வொரு தட்டையும் பக்கவாட்டில் வைத்து அளந்தேன். அந்த மனுஷரை, அத்தனை வருஷப் பழக்கத்தை, அளந்தேன். கலந்த தட்டில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தாலும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும், தங்கையின் தூக்கம் இன்னும் ஒருநாள் நீளும். அது அவருக்கு இப்போது தெரியும்.

எட்டும் நான்கு மில்லிமீட்டர். ஒரு குமிழி இல்லை.

அவர் திரும்பிப் பார்த்து, "அளந்துட்டியா?" என்றார். கோபமே இல்லை. "அளக்கணும்மா. இனிமே தினமும் அள."

மதியம் கிருமியைப் பூசி, வில்லை வைத்து, பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் வரும்போதே அவர் பெட்டி முன்னால் நின்றிருந்தார். கதவைத் திறந்தேன். வெறும் தட்டு நான்கிலும் பதினொன்று. கலந்த தட்டு நான்கில் மூன்றில் பதினொன்று, ஒன்றில் பன்னிரண்டு. அளவுகோலை அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "கண்ணாலயே தெரியுதேம்மா" என்றார்.

வார்டுக்குச் சேர்ந்து போனோம். வராந்தாவில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அண்ணன் முந்தின நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது அவள் இருந்த இருப்பிலேயே தெரிந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. எலும்பு டாக்டர் கதவருகே ஆபரேஷனுக்கான சம்மதக் காகிதத்தோடு நின்றார். கட்டிலில் மச்சான் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தார். கையெழுத்து அவள்தான் போட வேண்டும்.

அண்ணன் அவள் முன்னால் போய் நின்று, "வட்டம் வரலைம்மா" என்றார்.

அவள் எழுந்தாள். பளாரென்று அறைந்துவிடுவாளோ என்று நான் பயந்தேன். "உன்னை யாரு கேட்டா?" என்றாள். "உன்னை யாரு அந்தத் தட்டைத் தூக்கிப் பாக்கச் சொன்னா? கழுவ வேண்டியதைக் கழுவிட்டுப் போக வேண்டியதுதானே! எல்லாரும் சரின்னு சொல்லியாச்சு, டாக்டர் சொல்லியாச்சு, இந்தம்மா சொல்லியாச்சு. நீ ஒருத்தன்தான் வந்து கெடுத்தே. கூடப்பிறந்தவனா நீ?"

நான் குறுக்கே போய், தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. வராந்தாவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அழுது ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு குரலில் கேட்டாள்.

"நேத்து தட்டை யாரு ஊத்தினது?"

"நான்தான்."

"ஊத்தும்போது அவர் கால் தப்பிக்கணும்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"வேண்டிக்கிட்டியா?"

"ஒவ்வொரு தட்டுக்கும் வேண்டிக்கிட்டேன்."

"அப்படியும் சரியாத்தான் ஊத்தினியா?"

"சரியாத்தான் ஊத்தினேன்."

அவள் டாக்டரிடம் போய், "பேனா குடுங்க சார்" என்றாள்.